ரேட்டிங் பார்த்து வீடு வாங்கும் பெற்றோருக்கு

சார்லட் நகரத்துக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் வீட்டு விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது இதைத்தான்: "ஸ்கூல் ரேட்டிங் என்னங்க?" ஒன்பது, பத்து என்றால் பேச்சு நீளும். ஏழு என்றால் முகம் சுருங்கும். நான்கு என்றால் அந்தப் பேட்டையைப் பற்றி மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. அடுத்த கேள்வி, "நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களா?" மூன்றாவது கேள்விக்குக் குரல் கொஞ்சம் தாழும்: "க்ரவுட் எப்படி?"

அந்த மூன்றாவது கேள்விக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கறுப்பர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வாகன நிறுத்தத்தில் காபியோடு நிற்கும்போது இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நமக்கு ரேஸ் எல்லாம் கிடையாதுங்க, பாதுகாப்பு பார்க்கணும் இல்லையா" என்ற பின்குறிப்போடுதான் அது எப்போதும் வரும். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அது எனக்குத் தெரியும். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் இதைச் செய்கிறீர்கள். அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த எண். கிரேட் ஸ்கூல்ஸ் தளம் ஒன்று முதல் பத்து வரை போடும் மதிப்பெண் ஜில்லோவில் வீட்டுப் படத்துக்குக் கீழேயே வந்துவிடுகிறது, சமையலறை கிரானைட், கார் நிறுத்த இடம் போல அதுவும் வீட்டின் ஒரு வசதியாக. அதில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண்ணோ பெரும்பாலும் குடும்ப வருமானத்தின் பின்னாலேயே போகும். பத்து வாங்கிய பள்ளியில் ஆசிரியர் பிரமாதமாக நடத்துகிறார் என்று அந்த எண் சொல்லவில்லை. அங்கே படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பட்டதாரிகள், வீட்டில் புத்தகம் இருக்கிறது, கணக்குக்குத் தனி வகுப்பு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. 2020 இல் அந்தத் தளமே கணக்கு முறையை மாற்றியது. ஓராண்டில் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்பதற்குக் கூடுதல் இடம் கொடுத்தது. நாம்தான் மாறவில்லை. மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிற கூட்டம் நாம். ஒரு எண் எதை அளக்கிறது என்று அலுவலகத்தில் ஆயிரம் கேள்வி கேட்போம். ஐந்து லட்சம் டாலர் கடன் வாங்கும்போது மட்டும் அந்தக் கேள்வி நம் வாயில் வராது.

இந்த ஊர் என்ன ஊர் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? வங்கி வேலைக்காக வந்தோம், பாலன்டைன் பக்கம் வீடு எடுத்தோம், மாநில எல்லை தாண்டி ஃபோர்ட் மில்லில் வரி குறைவு என்று சிலர் அங்கே போனோம். நாம் காரில் கடந்துபோகும் இந்த மண்ணில்தான் அமெரிக்கப் பள்ளிகளின் தலையெழுத்தை மாற்றிய வழக்கு நடந்தது.

1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கில், இனம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1957 செப்டம்பர் 4 அன்று, சார்லட்டின் ஹார்டிங் உயர்நிலைப் பள்ளிக்கு டாரதி கவுன்ட்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண் நடந்து போனாள். பாட்டி தைத்துக் கொடுத்த புதுக் கவுன் போட்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளைப் பிள்ளைகளின் கூட்டம். கல்லும் குச்சியும் வந்து விழுந்தன. எச்சில் துப்பினார்கள். பிள்ளைகள் தாமாகச் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். வளர்ந்த பெண்மணி ஒருவர் அங்கே நின்று, துப்பச் சொல்லிப் பெண்பிள்ளைகளைத் தூண்டினார். உணவுக் கூடத்தில் அவள் தட்டில் குப்பையைப் போட்டார்கள். நான்காம் நாள், அழைத்துப் போக வந்த அண்ணனின் கார்க் கண்ணாடியை உடைத்தார்கள். அன்றோடு அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பி, எல்லோரும் கலந்து படிக்கும் பள்ளியில் சேர்த்தார். அந்தப் பெண் பிறகு இதே சார்லட்டுக்குத் திரும்பி வந்து, சின்னக் குழந்தைகளின் பராமரிப்பிலும் கல்வியிலும் பல பத்தாண்டுகள் உழைத்தார். துப்பிய பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் அந்தக் குழந்தைகளில் இருந்திருக்கக்கூடும்.

அடுத்து ஸ்வான் குடும்பம். இது உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டும், ஏனென்றால் இதில் இந்தியா இருக்கிறது. டேரியஸ் ஸ்வான் கறுப்பினப் பாதிரியார். மனைவி வேராவோடு இந்தியாவில் மிஷனரியாகப் பணியாற்றியவர். 1964 இல் சார்லட் திரும்பினார்கள். இந்தியாவில் எல்லாக் குழந்தைகளோடும் சேர்ந்து பழகிய மகன் ஜேம்ஸுக்கு ஆறு வயது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில் அவனைச் சேர்க்க விரும்பினார்கள். பள்ளி வாரியம் அவனைக் கறுப்பர் மட்டும் படிக்கும் பள்ளிக்கு ஒதுக்கியது. இந்தியாவில் கிடைத்தது சொந்த ஊரில் கிடைக்கவில்லை. 1965 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். வாதாடியவர் ஜூலியஸ் சேம்பர்ஸ் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர். அதே மாதம் அவருடைய காருக்குக் குண்டு வைத்தார்கள். நவம்பரில் வீட்டுக்கு வைத்தார்கள். 1971 பிப்ரவரியில் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். மனிதர் வழக்கை விடவில்லை. அதே 1971 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: பள்ளிகளைக் கலக்க வேண்டும், அதற்குப் பேருந்து ஓட்ட வேண்டுமென்றால் ஓட்டலாம்.

பேருந்து என்றதும் நம்மவர்கள், "சின்னக் குழந்தையை அவ்வளவு தூரம் அனுப்புவாங்களா?" என்பார்கள். கர்நாடக சங்கீதத்துக்கு நாற்பது நிமிடம், செஸ் வகுப்புக்கு அரை மணி, தமிழ் வகுப்புக்கு மாவட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு என்று வாரம் முழுக்கப் பிள்ளையைக் காரிலேயே வளர்க்கும் நாம் தூரத்தைப் பற்றிப் பேசலாமா? பிரித்து வைத்திருந்த காலத்திலும் பேருந்துகள் ஓடத்தான் செய்தன. பக்கத்தில் இருக்கும் வெள்ளையர் பள்ளியைத் தாண்டித் தொலைவிலிருந்த கறுப்பர் பள்ளிக்குக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனபோது எந்த வெள்ளைத் தாயும் தூரம் பற்றிக் கவலைப்படவில்லை.

தீர்ப்புக்குப் பிறகும் சார்லட்டில் முதல் சில ஆண்டுகள் தகராறுதான். பணக்கார வெள்ளையர் வாழும் தென்கிழக்குப் பகுதி தப்பித்துக்கொண்டது, சுமை முழுவதும் கறுப்பர்கள் மேலும் தொழிலாளி வெள்ளையர்கள் மேலும் விழுந்தது. 1974 இல் ஊர்க்காரர்களே உட்கார்ந்து போட்ட திட்டத்தில், வசதியான குடும்பத்துப் பிள்ளைகளும் நகரின் மேற்கே இருந்த வெஸ்ட் சார்லட் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். பெயர்பெற்ற கறுப்பர் பள்ளி அது. அங்கே வந்து சேர்ந்த வெள்ளைப் பிள்ளைகளின் பெற்றோர் ஊரில் செல்வாக்குள்ளவர்கள். அவர்கள் பிள்ளை அங்கே இருந்ததால் பள்ளிக் கூரை ஒழுகினால் அடுத்த வாரமே ஆள் வந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். கலந்து படிப்பதன் பயன் வெள்ளைப் பிள்ளை பக்கத்தில் உட்காருவதால் வரவில்லை. வசதியுள்ளவர் பிள்ளையும் வசதியற்றவர் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, அந்தக் கூரையை யாரும் கைவிட முடியாது. பாஸ்டனில் அதே 1974 இல் கறுப்புக் குழந்தைகள் வந்த பேருந்துகள் மேல் கல் விழுந்தபோது, வெஸ்ட் சார்லட் மாணவர்கள் பாஸ்டன் மாணவர்களை அழைத்து, "எங்கள் பள்ளியை வந்து பாருங்கள்" என்றார்கள். 1984 அக்டோபரில் அதிபர் ரீகன் தேர்தல் பிரசாரத்துக்கு இங்கே வந்து, பேருந்துத் திட்டம் தோற்றுவிட்டது என்று பேசினார். கைதட்டலை எதிர்பார்த்த இடத்தில் கூட்டம் மௌனமாக இருந்தது. மறுநாள் ஊர்ப் பத்திரிகையின் தலையங்கம், அதிபர் சொன்னது தவறு என்று எழுதியது. அவருடைய கட்சிக்கு ஓட்டுப் போட வந்த கூட்டம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் எப்படி முடிந்தது? தொண்ணூறுகளில் வெளியூர்களிலிருந்து இங்கே ஆட்கள் வந்து குவிந்தார்கள். வங்கிகள் வளர்ந்த காலம். வந்தவர்களுக்கு டாரதியையும் தெரியாது, சேம்பர்ஸையும் தெரியாது. புறநகரில் புது வீடு, பக்கத்தில் பள்ளி, அவ்வளவுதான் வேண்டும். சிறப்புப் பாடத்திட்டம் உள்ள மேக்னட் பள்ளியில் மகளுக்கு இடம் கிடைக்காத ஒரு வெள்ளைத் தந்தை வழக்குப் போட்டார். 1999 இல் நீதிபதி ராபர்ட் பாட்டர், பள்ளிகளைக் கலக்கச் சொன்ன பழைய ஆணையை நீக்கினார். அறுபதுகளில் பேருந்துத் திட்டத்துக்கு எதிராக இயங்கியவர் அவர் என்பதும் ஊரறிந்த செய்தி. 2002 இல் திட்டம் நின்றது. ஆக, இதைக் கட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள், இடித்ததில் பெரும்பங்கு புதிதாக வந்தவர்களுக்கு. நாமும் புதிதாக வந்தவர்கள்தான்.

நின்ற பிறகு என்ன ஆனது என்று பில்லிங்ஸ், டெமிங், ராக்காஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் கணக்கெடுத்து 2014 இல் வெளியிட்டார்கள். புதிய எல்லைக் கோட்டால் சிறுபான்மையினர் அதிகமாகக் குவிந்த பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண், வெள்ளையர் கறுப்பர் இருவருக்குமே, குறைந்தது. சிறுபான்மை ஆண்பிள்ளைகள் கைதாவதும் சிறைபோவதும் கூடியது. அந்தப் பள்ளிகளுக்குப் பள்ளி மாவட்டம் கூடுதல் பணம் கொடுத்துப் பார்த்தது. அது படிப்பில் ஓரளவு கைகொடுத்தது, சிறைக் கணக்கைக் குறைக்கவில்லை. அதே 2014 இல் ராஜ் செட்டியும் அவர் குழுவும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, ஏழைக் குழந்தை வளர்ந்து பணக்காரராகும் வாய்ப்பை வைத்து அமெரிக்காவின் 50 பெரிய நகரங்களை வரிசைப்படுத்தியது. சார்லட் ஐம்பதாவது. செட்டி டெல்லியில் பிறந்தவர் என்று பெருமையோடு அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவர்கள் உண்டு. அவர் நம் ஊரைப் பற்றி என்ன சொன்னார் என்று எத்தனை பேர் படித்தோம்?

நாடு முழுக்கப் பார்த்தாலும் கதை இதுதான். 1971 க்கும் 1988 க்கும் இடையில், பள்ளிகள் மிக அதிகமாகக் கலந்திருந்த அந்த ஆண்டுகளில், பதினேழு வயதுக் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் வாசிப்புத் தேர்வில் இருந்த இடைவெளி பாதிக்கும் மேல் குறைந்தது. பெர்க்லியின் ரக்கர் ஜான்சன், நீதிமன்ற ஆணையால் கலந்து படித்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், சிறைக்குப் போவது குறைந்தது, நடுவயதில் உடல்நலம்கூட நன்றாக இருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. நம் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயத்துக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் கிடையாது.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கலப்பு என்ற பெயரில் தெற்கு மாநிலங்களில் கறுப்பர் பள்ளிகளைத்தான் மூடினார்கள். பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். இங்கேயே செகண்ட் வார்டு உயர்நிலைப் பள்ளியை 1969 இல் மூடினார்கள். புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள், கட்டவே இல்லை. அந்தப் பள்ளி இருந்த புரூக்ளின் என்ற கறுப்பர் பேட்டையையே தரைமட்டமாக்கினார்கள். அங்கே படித்த முதியவர்களிடம் பேசிப் பாருங்கள், கலப்பைப் பற்றி நாம் புத்தகத்தில் படித்ததைவிடக் கசப்பான கணக்கு ஒன்று அவர்களிடம் இருக்கிறது. கட்டடத்தைக் கலந்துவிட்டு வகுப்பறையைப் பிரித்ததும் நடந்தது. இந்த ஊர்ப் பள்ளிகளைப் பல காலம் ஆராய்ந்த சமூகவியலாளர் ரோஸ்லின் மிக்கெல்சன் திரும்பத் திரும்பக் காட்டியது அதைத்தான்: ஒரே பள்ளி, மேல்தர வகுப்பில் ஒரு நிறம், சாதாரண வகுப்பில் இன்னொரு நிறம்.

அந்த இடத்தில் நாம் வருகிறோம். இரண்டாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு திறன் தேர்வு வைத்துத் திறமையாளர் வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோகாட் என்ற அந்தத் தேர்வுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கி, ஏழு வயதுக் குழந்தையைக் கோடை விடுமுறையில் உட்காரவைத்துப் படம் பார்த்து விடை குறிக்கப் பழக்குகிறோம். பழக்காத பிள்ளையும் பழக்கிய பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள். பிறகு, "பாருங்க, நம்ம பசங்கதான் எல்லாம்" என்று சந்தோஷப்படுகிறோம். உழைப்பதில் தவறில்லை. அந்தப் புத்தகம் என்று ஒன்று இருப்பதே தெரியாத தாய் அதே பள்ளியில் இரண்டு வேலை பார்த்துக்கொண்டு பிள்ளையை வளர்க்கிறாள் என்பது நம் நினைப்பிலேயே இல்லை, அதுதான் தவறு.

சரி, நம் வரலாற்றுக்கு வருகிறேன். இந்த நாட்டில் நம் போன்றவர்கள் பள்ளியில் எந்தப் பக்கம் நிறுத்தப்பட்டிருப்போம்? மிசிசிப்பியின் ரோஸ்டேல் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த சீனர் காங் லம். அவர் மகள் மார்த்தாவை வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927 இல், வெள்ளையர் அல்லாத குழந்தையை மாநிலம் கறுப்பர் பள்ளிக்கு அனுப்பலாம் என்று தீர்ப்பானது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1923 இல், பகத் சிங் திந்த் என்ற இந்தியர் குடியுரிமை கேட்டுப் போய்த் தோற்றார். இரண்டு வழக்கிலும் வாதத்தைக் கவனியுங்கள். பிரித்து வைப்பது தவறு என்று யாரும் வாதாடவில்லை. எங்களைக் கறுப்பர்களோடு சேர்க்காதீர்கள் என்று லம் தரப்பு வாதாடியது. நான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று திந்த் வாதாடினார். மேல்தட்டுப் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

நாற்காலி எப்போது கிடைத்தது? 1965 அக்டோபரில் குடியேற்றச் சட்டம் மாறியது. அதற்கு முன் இந்தியாவுக்கென்று ஒதுக்கியிருந்த இடம் ஆண்டுக்கு வெறும் 100. பிறந்த நாட்டை வைத்து ஆளை நிறுத்தும் முறை போனதற்குக் காரணம், நிறத்தை வைத்து ஆளை நிறுத்தும் முறைக்கு எதிராகக் கறுப்பர்கள் பத்து ஆண்டுக்கு மேல் தெருவில் அடிவாங்கிப் போராடியது. குடிமை உரிமைச் சட்டம் 1964 இல், வாக்குரிமைச் சட்டம் 1965 இல், குடியேற்றச் சட்டம் அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில். உங்கள் கிரீன் கார்டின் வேர் அங்கே இருக்கிறது. அவர்கள் திறந்த வாசல் வழியாக வந்து, அவர்கள் பிள்ளைகள் இல்லாத பள்ளியைத் தேடுகிறோம். இதற்குத் தமிழில் நல்ல சொற்கள் உண்டு, பத்திரிகையில் எழுத முடியாதவை.

பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கும் கதை நமக்குப் புதிதும் அல்ல. 1920களின் நடுவில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு போடப்பட்டது. தேசிய எழுச்சிக்காக ஊர்ப் பணத்தில் நடந்த பள்ளி அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டபோது சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அப்படிக் கேட்டுக்கொண்டார்களாம். தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய அந்தச் சண்டையில், எங்கும் பேர் தெரியாமல் மறைந்து நின்றவர்கள் பெற்றோர்கள். பிள்ளைகளைப் பிரித்துவைக்க எந்தக் காலத்திலும் பெற்றோரின் விருப்பம் என்ற ஒரு காரணம் போதுமானதாக இருந்திருக்கிறது.

நம் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பீட்டீஸ் ஃபோர்டு சாலையில் சிக்னலில் கார் நிற்கிறது. நடைபாதையில் ஒரு கறுப்பினப் பெரியவர் மளிகைப் பையோடு போகிறார். முன்சீட்டிலிருந்து அம்மாவின் குரல்: "டோர் லாக் போடுங்க." டக்கென்று நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும் சத்தம். பின்சீட்டில் எட்டு வயதுப் பையன் ஐபேடிலிருந்து தலைநிமிர்ந்து வெளியே பார்க்கிறான். அவனுக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. யாரைக் கண்டால் கதவைப் பூட்ட வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. மார்ட்டின் லூதர் கிங் நாளில் பள்ளியில் அவன் ஒட்டிய வண்ணக் காகிதச் சுவரொட்டியை நீங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மாட்டிவைத்திருக்கிறீர்கள். எது அவன் மனதில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

இந்தப் பயத்துக்கு மருந்து உண்டு, அது ஆராய்ச்சியில் தேறியது. பிரவுன் தீர்ப்பு வந்த அதே 1954 இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் எழுதினார்: வெறுமனே அருகருகே இருந்தால் போதாது, சமமான நிலையில், ஒரே காரியத்துக்காக, சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களும் அதை ஆதரிக்க வேண்டும், அப்போது வெறுப்பு குறையும். பிறகு பெட்டிகுரூவும் டிராப்பும் 500 க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் வெறுப்பைக் குறைக்கிறது என்று 2006 இல் உறுதிசெய்தார்கள். 1980 இல் பள்ளி முடித்தவர்களை, வெஸ்ட் சார்லட் உட்பட ஆறு பள்ளிகளில் தேடிப்பிடித்து ஏமி ஸ்டூவர்ட் வெல்ஸ் குழு பேட்டி எடுத்தது. கலந்து படித்ததால் மற்ற இனத்தாரைக் கண்டு பயம் இல்லை, வேலையிடத்தில் அது கைகொடுத்தது என்றார்கள் அவர்கள். ஆனால் வளர்ந்தபின் அவர்களில் பலர் தம் இனத்தாரே வாழும் தெருக்களில் வீடு வாங்கினார்கள். தம் பிள்ளைகளுக்கு அந்த அனுபவம் கிடைக்கவில்லையே என்ற வருத்தமும் அவர்களிடம் இருந்தது. பழக்கம் வேலை செய்கிறது, ஆனால் பெரியவர்கள் மறுபடி எல்லை போட்டால் அடுத்த தலைமுறை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் சென்ற பிறந்தநாள் விருந்துப் படம் இருக்கும். எத்தனை முகம் நம்மவர் அல்லாத முகம்? கறுப்பினக் குழந்தை ஒன்றாவது உண்டா? இதே பிள்ளை பதினெட்டு வயதில் சாப்பல் ஹில்லுக்குப் போகும், இருபத்திரண்டில் அட்லான்டாவில் வேலைக்குப் போகும். அங்கே மேலாளராகவோ மருத்துவராகவோ நீதிபதியாகவோ ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்திருப்பார். பன்னிரண்டு வருடம் பத்துக்குப் பத்து ரேட்டிங் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அவரோடு இயல்பாக நாலு வார்த்தை பேசத் தெரியாது.

இன்னொன்று. 2020 இல் கமலா ஹாரிஸ் மேடையில் "சித்தி" என்று சொன்னதும் நம் வாட்ஸ்அப் குழுக்கள் அதிர்ந்தன. அவருடைய தாத்தாவின் துளசேந்திரபுரம் கோயிலில் பூஜை நடந்த படங்கள் பறந்தன. அவர் அம்மா சியாமளா கோபாலன் பெர்க்லிக்குப் படிக்க வந்து, கறுப்பர்களின் உரிமைப் போராட்டத்தில் நடந்தவர். மகளைச் சிறுவயதில் பேருந்தில் ஏற்றி, வீட்டுக்குத் தொலைவிலிருந்த பள்ளிக்கு அனுப்பினார். வெள்ளை, கறுப்புக் குழந்தைகளைக் கலப்பதற்காக 1968 முதல் பெர்க்லி நகரம் தானாக முன்வந்து ஓட்டிய பேருந்து அது. அதில் வெள்ளைப் பிள்ளைகளும் எதிர்த்திசையில் போனார்கள். சித்தியைப் பிடித்துக்கொண்டோம். பேருந்தை விட்டுவிட்டோம்.

எல்லோரும் நாளைக்கே வீட்டை விற்றுவிட்டு இடம் மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முடிகிற காரியங்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர் ரேட்டிங் கேட்டால், அந்தப் பள்ளிக்கு ஒருநாள் நேரில் போய், வகுப்பறையில் அரை மணி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தின் மேக்னட் லாட்டரியில் குடும்பத்தின் பொருளாதார நிலையையும் இப்போது கணக்கில் எடுக்கிறார்கள். அந்தப் பள்ளிகளில் சில, நீங்கள் கதவைப் பூட்டும் சாலைகளின் அருகில்தான் இருக்கின்றன. மொழி மூழ்கல் வகுப்பு, ஐபி பாடத்திட்டம் எல்லாம் உண்டு. "அந்த ஏரியாவா?" என்று பட்டியலைத் தள்ளாமல் விண்ணப்பம் போடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நம் பள்ளிக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு மேற்கே இருக்கும் ஒரு பள்ளிக்குப் போகட்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். பிள்ளையின் வகுப்பில் இருக்கும் கறுப்பினக் குழந்தையையும் அதன் அம்மாவையும் பொங்கலுக்குக் கூப்பிடுங்கள். தயவுசெய்து, பிள்ளைகள் காதில் விழும்படி "அவங்க" என்று பேசுவதை நிறுத்துங்கள். அவர்களுக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகத் தமிழ் புரியும்.

தெற்கே 2024 இல் திறந்த புதிய உயர்நிலைப் பள்ளிக்காக எல்லைகளை மாற்றி வரைந்தபோது, எந்தக் கூட்டத்துக்கும் வராத நம்மவர்கள் அன்று வரிசையில் நின்று மைக் பிடித்தார்கள். இந்தப் பள்ளிக்காகத்தான் வீடு வாங்கினோம், கோட்டை நகர்த்தினால் விலை விழும் என்று பேசினார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாம் என்பது அதனால் நமக்கு ஏற்கெனவே தெரியும். எல்லைகளை மறுபடியும் வரையத்தான் போகிறார்கள். அப்போதும் போங்கள், பெயர் கொடுங்கள், மைக் பிடியுங்கள். மேற்கே இருக்கும் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளோடு சேர்த்துக் கோடு போடுங்கள் என்று கேளுங்கள். வீட்டு விலையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாதீர்கள்.